தெளிந்த நீரும் பச்சை ஏரியும்

கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களின் எல்லையில், சியெரா நெவாடா மலைமேல் டாஹோ ஏரி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேலான உயரம். 1,645 அடி ஆழம். 1968இல் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி அந்த ஏரிக்குள் இறக்கியபோது, ஆண்டுச் சராசரியாக 102 அடி வரை அது கண்ணுக்குத் தெரிந்தது. இன்று அதே தட்டு பெரும்பாலான ஆண்டுகளில் 60, 70 அடியிலேயே மறைந்துவிடுகிறது. தெளிவில் மூன்றில் ஒரு பங்கை இழந்த பிறகும் டாஹோவைத் தெளிந்த ஏரி என்றே சொல்கிறார்கள். அப்படிச் சொல்வது தகும். ஆனால் அந்தத் தெளிவைக் காப்பதற்காக மலைக்கு அப்பால் வேறொரு நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. டாஹோவைப் பார்க்க வருகிறவர்களில் மிகச் சிலரே அதை அறிவார்கள். இங்கே எழுத விரும்புவது அந்த இரண்டாவது ஏரியைப் பற்றித்தான்.

1960இல் டாஹோவுக்கு அருகே ஸ்குவா வேலியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அதன் பிறகு கரையோர ஊர்களில் விடுதிகள் பெருகின, கழிவுநீரும் பெருகியது. எவ்வளவு சுத்திகரித்தாலும் சரி, அந்த நீர் டாஹோவின் வடிநிலத்தில் தங்கக்கூடாது என்று அந்தப் பத்தாண்டில் முடிவானது. தென்கரையின் பொதுப் பயன்பாட்டு மாவட்டமான தென்டாஹோ மாவட்டம், நாளொன்றுக்கு 75 லட்சம் காலன், அதாவது சுமார் 2.8 கோடி லிட்டர் கையாளும் நிலையத்தை 1968இல் இயக்கத் தொடங்கியது. கழிவை நுண்ணுயிர்களுக்கு உணவாக்கிச் செரிக்கவைத்து, தெளிந்ததை வெளியே விடுவதுதான் அன்றைய பொது வழக்கம். இங்கே அத்தோடு நிற்கவில்லை. சுண்ணாம்பு கலந்து பாஸ்பரஸைப் படியவைத்தார்கள். உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து நீரைச் சிதறவிட்டு அம்மோனியாவைக் காற்றோடு பிரித்தார்கள். பிறகு வடிகட்டி, அதன் பிறகு கரிப் படுகை, கடைசியில் குளோரின். முழு அளவில் இப்படி இயங்கும் நிலையம் அன்று உலகில் வேறெங்கும் அரிது. பல நாட்டுப் பொறியாளர்கள் பார்த்துப்போக வந்தார்கள்.

அப்படி வெளிவந்த நீரை 7,700 அடி உயரமுள்ள லூதர் கணவாய்க்கு மேலே ஏற்றி, சுமார் 43 கிலோமீட்டர் குழாய்வழியே ஆல்பைன் கவுண்டிக்கு அனுப்பினார்கள். கலிபோர்னியாவிலேயே மிகக் குறைந்த மக்கள் வாழும் கவுண்டி அது. அங்கே நீரைத் தேக்க அணை கட்டினார்கள். சுமார் 160 ஏக்கர் பரப்பில் இந்தியன் கிரீக் நீர்த்தேக்கம் உருவானது. வானவில் டிரவுட் மீன்களை விட்டார்கள், மீன்கள் வளர்ந்தன. படகு விடவும் மீன் பிடிக்கவும் நீந்தவும் ஏற்ற நீர் என்று அனுமதி கிடைத்தது. வீட்டுக் கழிவறையிலும் சமையலறையிலும் புறப்பட்ட நீர், ஒரு மலையைக் கடந்து, தூண்டிலோடு குடும்பங்கள் அமரும் ஏரியாகியிருந்தது. இன்று அந்தக் காலத்து அறிக்கைகளைப் படிப்பவர்களுக்கு அவற்றில் தெரியும் பெருமிதம் மிகை என்று தோன்றாது.

இதற்கு முன்னோடி தெற்கே, சான் டியேகோவுக்கு அருகில் இருந்தது. சான்டீ என்ற சிற்றூரின் தண்ணீர் மாவட்டம் 1959இல் பெருநகரக் கழிவுநீர் அமைப்போடு சேராமல் தனிவழி போகத் தீர்மானித்தது. அதன் பொதுமேலாளர் ரே ஸ்டோயர். சரளைக்கல் தோண்டிய பள்ளங்கள் அங்கே இருந்தன. சுத்திகரித்த நீரை சைக்கமோர் பள்ளத்தாக்கின் மணல், சரளைப் படுகையில் பரப்பி, மண்ணே இன்னொரு முறை வடிகட்டிய பிறகு அந்தப் பள்ளங்களில் நிரப்பினார்கள். மக்களை ஒரே நாளில் நீருக்குள் இறங்கச் சொல்லவில்லை. 1961இல் கரையில் உணவுண்ணவும் படகு ஓட்டவும் திறந்தார்கள். அடுத்த ஆண்டு, பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடும் நிபந்தனையோடு தூண்டில் போட விட்டார்கள். 1964இல் மீனை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதித்தார்கள். 1965இல், ஏரிக்குப் பக்கத்தில் தனிக் குளம் வெட்டி, அந்த நீரை மேலும் தெளியவைத்து, வடிகட்டி, குளோரின் இட்டு, பிள்ளைகளை நீந்தவிட்டார்கள். ஊர் தன் கண்ணால் பார்த்து, மூக்கால் முகர்ந்து, படிப்படியாக நம்பியது. பொதுமக்களின் நம்பிக்கையை ஈட்ட இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

அன்று அவர்கள் அஞ்சியது எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். போலியோ தடுப்பூசி வந்து பத்தாண்டுதான் ஆகியிருந்தது. நீச்சல்குளங்களை மூடிவைத்த கோடைகாலங்கள் பெற்றோர் நினைவில் இருந்தன. ஆகவே சான்டீயில் வைரஸைத்தான் தேடினார்கள். வலுக்குறைத்த போலியோ வைரஸை வேண்டுமென்றே மணற்படுகையில் கலந்து, கீழே உள்ள கிணறுகளில் அது எட்டிப்பார்க்கிறதா என்று சோதித்தார்கள்; எட்டவில்லை. கோலிஃபார்ம் பாக்டீரியா எண்ணிக்கை, கலங்கல், கரைந்த ஆக்சிஜன் ஆகியவையே அளவுகோல்கள். நோய் பரப்பாத நீர், கண்ணுக்குத் தெளிந்த நீர், நாறாத நீர்: இவை மூன்றும் சேர்ந்தால் நல்ல நீர். அந்த அளவுகோலின்படி டாஹோ நிலையத்தின் நீரும் சான்டீயின் நீரும் சிறப்பாகத் தேறின.

பாசி வேறு கணக்குப் பார்க்கிறது. கிருமியைக் கொன்றதா, கலங்கல் நீங்கியதா என்பதில் அதற்கு அக்கறை இல்லை. சொல்லப்போனால் நீர் எவ்வளவு தெளிவோ அவ்வளவு ஆழத்துக்கு வெயில் இறங்கும். பாசிக்கு அது வசதி. அதற்கு வேண்டியது பாஸ்பரஸும் நைட்ரஜனும். வழக்கமான இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பில் வெளிவரும் நீரில் லிட்டருக்கு 4 முதல் 8 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கும். ஓர் ஏரி பச்சையாக மாறத் தொடங்குவதற்கு லிட்டருக்கு 0.02, 0.03 மில்லிகிராமே போதும். இரண்டுக்கும் இடையில் நூறு மடங்குக்கும் மேலான தூரம். ஒரு கிராம் பாஸ்பரஸ், உலர்ந்த எடையில் சுமார் நூறு கிராம் பாசியை வளர்க்கும். நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் நீர், லிட்டருக்கு 6 மில்லிகிராம் பாஸ்பரஸோடு ஏரிக்குள் போனால், நாளுக்கு 60 கிலோ. அதிலிருந்து 6 டன் பாசி முளைக்கலாம். சுண்ணாம்பு போட்டு, மிகுந்த செலவில், பாஸ்பரஸை 0.2 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தாலும் நாளுக்கு 2 கிலோ உள்ளே போகிறது. 200 கிலோ பாசிக்கு அது உணவு. முப்பதில் ஒரு பங்காகக் குறைத்த பிறகும், ஏரி தாங்கும் அளவைப்போலப் பத்து மடங்கு. அன்றைய பொறியாளர்கள் கண்ட வெற்றியும் உண்மை, ஏரி பச்சையானதும் உண்மை என்றால் அதற்கு இந்தக் கணக்கே காரணம்.

ஓடும் ஆற்றில் இந்தப் பிழை பொறுக்கப்படும், ஆறு கொண்டுபோய்விடும். பொழுதுபோக்குக்கென்று வெட்டும் ஏரியோ அதற்கு நேர்மாறு. அது ஆழமற்றது, வெதுவெதுப்பானது, அசையாதது. வறண்ட நாட்டில் வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொண்டு சத்தை விட்டுச்செல்கிறது. மேலும் நீர் ஊற்ற ஊற்றச் செறிவு ஏறுகிறது. பகலில் பாசி ஆக்சிஜனைப் பொழிகிறது. இரவில் அதே பாசி மூச்சுவிட்டு ஆக்சிஜனை உறிஞ்சிவிட, விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்தபடி தவிக்கின்றன. பகல்வெயிலில் பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் காரத்தன்மை ஏறுகிறது. கார நீரில் அம்மோனியா நச்சு வடிவம் கொள்கிறது. டாஹோ நிலையத்தின் அம்மோனியாக் கோபுரம் கோடையில் ஓரளவு நன்றாக உழைத்தது. மலையின் குளிர்காலத்தில் உறைந்தது, சுண்ணாம்புப் படிவு ஏறி அடைத்தது. நைட்ரஜனை முற்றாக நீக்கியிருந்தாலும் சிக்கல் தீர்ந்திருக்காது. நீலப்பச்சைப் பாசியில் சில இனங்கள் காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் மிஞ்சி நைட்ரஜன் குறைந்த ஏரியில் மற்றப் பாசிகள் தளர, அவையே ஆளும்.

இதெல்லாம் அன்று யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் கழிவுநீரால் நீலப்பச்சைப் பாசி வருவதை எட்மன்ட்சன் என்ற உயிரியலாளர் 1950களிலேயே எச்சரித்தார். 1963க்கும் 1968க்கும் இடையில் அந்நகரம் கழிவுநீரை ஏரியிலிருந்து திருப்பிவிட்டது, ஏரி மீண்டது. ஆனால் குற்றவாளி பாஸ்பரஸ்தான் என்பதில் அன்று கடும் வாதம் நடந்தது. வீட்டுக் கழிவுநீரில் இருந்த பாஸ்பரஸில் பாதியளவு சலவைத்தூளிலிருந்து வந்த காலம் அது. கரிமமே காரணம் என்று சலவைத்தூள் தொழில்துறை வாதாடியது. 1973இல் கனடாவின் சோதனை ஏரிகளில் ஒன்றை, 226 என்று எண்ணிட்ட ஏரியை, டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் திரைபோட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கரிமமும் நைட்ரஜனும். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் இட்ட பாதி மட்டும் பச்சையானது. வானிலிருந்து எடுத்த ஒரு படம் அந்த வாதத்தைப் பெரும்பாலும் முடித்துவைத்தது. இந்தியன் கிரீக் நீர்த்தேக்கம் நிரம்பி அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

பாசி வந்தால் அன்று கையில் எடுத்த மருந்து மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட். படகின் பின்னால் கோணியில் கட்டி இழுத்தபடி ஏரியைச் சுற்றி வருவார்கள். சில நாளில் பச்சை மறையும். செத்த பாசி அடியில் படிந்து அழுகி ஆக்சிஜனைத் தின்னும், செம்பு சேற்றில் சேரும் என்பதைக் கவனித்தவர்கள் இருந்தார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து 1979இல்தான் தெரியவந்தது. ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணையின் பாசிக்கு மயில்துத்தம் இட்ட சில நாட்களில் 148 பேர் நோயுற்றார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். செல்லுக்குள் அடைந்திருந்த நஞ்சு, செல் உடைந்ததும் நீரில் கலந்துவிட்டது. மருந்தே நஞ்சைத் திறந்துவிட்டது.

ஆகவே அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள முதல் வேறுபாடு அச்சத்தின் பொருள் மாறியதுதான். அன்று பாசி ஒரு அழகுக்கேடு. நாற்றம், நுரை, மீன் செத்து மிதத்தல், சுற்றுலாவுக்கு இழுக்கு. இன்று அது மருத்துவ விஷயம். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சுகளில் மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்குகிறது, அனாடாக்சின் நரம்பை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் மைக்ரோசிஸ்டினும், பொழுதுபோக்கு நீருக்கு 24 மைக்ரோகிராமும் வரம்பாகச் சொல்கிறது. கலிபோர்னியா இன்னும் முன்கூட்டியே விழித்துக்கொள்கிறது: 0.8 மைக்ரோகிராமில் முதல் எச்சரிக்கைப் பலகை, 6இல் அடுத்தது, 20இல் நீரை நெருங்காதே என்ற பலகை. முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் நாய்கள். கரையோரம் ஒதுங்கிய நுரையை நக்கி, மயிரில் ஒட்டிய பாசியை நாவால் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் இறந்த நாய்கள் உண்டு. அடுத்து குழந்தைகள், நீரை விழுங்குவதும், கரைச்சேற்றில் கைவைத்த பிறகு கையை வாய்க்குக் கொண்டுபோவதும் அவர்கள்தான். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், மைக்ரோசிஸ்டின் அழியாது. கிருமிக்காக வகுத்த பாதுகாப்பு இங்கே போதவில்லை என்பதுதான் அன்றைய அறிவுக்கும் இன்றைய அறிவுக்கும் நடுவிலுள்ள பெரிய இடைவெளி.

1989இல் தென்டாஹோ மாவட்டம் தன் நீரை இந்தியன் கிரீக்கில் விடுவதை நிறுத்தி, அருகே கட்டிய ஹார்வி பிளேஸ் என்ற வேறு தேக்கத்துக்கு மாற்றியது. இந்தியன் கிரீக்குக்கு மலை ஓடையின் நன்னீர் திருப்பப்பட்டது. கழிவுநீர் நின்றது, நன்னீர் வந்தது, இனி ஏரி தெளியும் என்று நினைப்பது இயல்பு. தெளியவில்லை. இருபது ஆண்டுகள் உள்ளே வந்த பாஸ்பரஸ் அடிச்சேற்றில் இரும்போடு பிணைந்து கிடந்தது. கோடையில் அடிநீரில் ஆக்சிஜன் தீரும்போது அந்தப் பிணைப்பு அவிழ்ந்து பாஸ்பரஸ் மேலே வருகிறது. பாசி அதை உண்டு வளர்ந்து, செத்து, மறுபடியும் அடியில் சேர்கிறது. இந்த வேதியியலை மோர்டிமர் என்ற ஆங்கில அறிஞர் 1940களின் தொடக்கத்திலேயே எழுதிவைத்திருந்தார். 2002இல் மாநிலத்தின் லஹோன்டன் நீர்தர வாரியம் இந்த நீர்த்தேக்கத்தின் பாஸ்பரஸுக்கு லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் என்ற இலக்கு வைத்தது. வெளியிலிருந்து வருவதைவிட ஏரி தனக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்வதுதான் அதிகம் என்பது அந்தக் கணக்கில் தெளிவானது. பின்னாளில் அடிநீருக்குள் ஆக்சிஜனைச் செலுத்தும் கருவி பொருத்தப்பட்டது. டிரவுட் இன்றும் இருக்கிறது. மக்கள் கூடாரமடித்துத் தங்குகிறார்கள். கோடையில் நீலப்பச்சைப் பாசி எச்சரிக்கை வந்த ஆண்டுகளும் உண்டு. உள்ளே வந்தது இருபது ஆண்டு. விடுபடுவதற்கு அதைவிட அதிகமாகிறது.

இந்த நீர்த்தேக்கத்தின் மேல் எனக்கு ஆழ்ந்த பரிவு உண்டு. இதைத் தோல்வி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்களோடு உடன்பட மாட்டேன். டாஹோவின் கரையிலேயே அந்த இருபது ஆண்டுக் கழிவுநீர் கலந்திருந்தால் 60 அடி என்ற இன்றைய தெளிவும் மிஞ்சியிருக்குமா என்பது ஐயம். டாஹோவின் மங்கலுக்கு இன்று காரணம் சாலைகளிலிருந்து மழை அடித்துவரும் நுண்துகளும் சத்தும்; கழிவுநீர் அல்ல. ஒரு ஏரியின் சுமையை இன்னொன்று தாங்கியது. ஆனால் தாங்கியதன் விலையை இந்தியன் கிரீக்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சான்டீயின் கதை வேறுவிதமாகத் திரும்பியது. இன்று அங்கே ஏழு ஏரிகள், 190 ஏக்கர் பூங்கா. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். அன்று மணலும் சரளையும் செய்த வேலையை இன்று தொட்டிகள் செய்கின்றன. 1997இல் விரிவாக்கிய நிலையத்துக்கு ஸ்டோயரின் பெயரையே வைத்தார்கள். நாளொன்றுக்கு 20 லட்சம் காலன். ஆக்சிஜன் உள்ள தொட்டி, இல்லாத தொட்டி என்று மாற்றி மாற்றி நீரை நடத்தி, நுண்ணுயிர்களைக் கொண்டே நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் எடுக்கும் முறை. நீர் மேல் ஏரியில் புகுந்து ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கிவருகிறது. அதற்கு முன்பே, 1972இல் மொஹாவி பாலைவனத்து லங்காஸ்டருக்கு அருகே, நிலவுக்குப் போன மூவரின் பெயரால் மூன்று ஏரிகளோடு அப்போலோ பூங்கா திறந்தபோது, படிகாரம் இட்டுப் பாஸ்பரஸை நீக்குவதை முதலிலிருந்தே திட்டத்தில் சேர்த்திருந்தார்கள். கிருமிக்கு மட்டுமன்றிப் பாசிக்கும் சேர்த்து நீரைத் தயாரிக்கவேண்டும் என்ற அறிவு இப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது.

அன்று சான்டீயின் பிள்ளைகள் நீந்தினார்கள். இன்று அந்த ஏரிகளில் நீந்தத் தடை. நீர் அன்றையதைவிட நல்லது, கண்காணிப்பு பன்மடங்கு, ஆனாலும் உடல் நனைய அனுமதி இல்லை. இந்தத் தடை சரியானது என்று கருதுகிறேன். வெதுவெதுப்பான, ஆழமற்ற ஏரியில் எந்த வாரத்தில் பாசி நஞ்சாகும் என்று முன்கூட்டிச் சொல்வது இன்றும் கடினம். இருந்தும் அதில் ஓர் இழப்பு இருக்கிறது. தான் வெளியேற்றிய நீரில் தானே இறங்கி நின்று, இது நம்முடையது என்று ஒரு ஊர் உணர்ந்த நெருக்கம் அது. இன்று அந்த உறவு கரையோரப் பாதையிலும் அறிவிப்புப் பலகையிலும் தூண்டில் நுனியிலும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதே சமயம், அதே வட்டாரம் தன் கழிவுநீரைச் சவ்வுகள் வழியாகச் செலுத்திக் குடிநீராக்கும் நிலையத்தைக் கட்டத் தொடங்கிவிட்டது. 2022இல் பணி ஆரம்பமானது. நாளொன்றுக்கு 1.15 கோடி காலன். அவ்வட்டாரத் தேவையில் ஏறக்குறைய 30 விழுக்காடு. தொடக்கூடாது என்று சொல்லும் நீர் எங்கிருந்து வருகிறதோ, அதே கழிவுநீரிலிருந்து குடிக்கத்தக்க நீரும் எடுப்பதே திட்டம். அப்படிச் சவ்வில் வடிந்த நீரில் பாஸ்பரஸ் மிக மிகக் குறைவு. ஏரிக்குப் போனால் பாசிக்கு அது பட்டினி நீர். ஆனால் சவ்வு எதையும் அழிப்பதில்லை. நீக்கிய சத்து செறிந்த கழிவாக வேறு குழாயில் வெளியேறும். அதற்கும் ஓர் இடம் தேடவேண்டும்.

தென்டாஹோ அந்த இடத்தைக் கண்டுகொண்டது. 1960களில் அவ்வளவு பாடுபட்டு நீக்கிய சத்துக்களை இன்று நீரிலேயே விட்டு அனுப்ப முடிகிறது. சுண்ணாம்புக் கலனும் அம்மோனியாக் கோபுரமும் இப்போது பயன்பாட்டில் இல்லை. ஹார்வி பிளேஸ் தேக்கத்தில் குளிர்காலம் முழுக்கச் சேரும் நீர் கோடையில் ஆல்பைன் கவுண்டியின் பண்ணைகளுக்குத் திறக்கப்படுகிறது. அல்ஃபால்ஃபாவும் மேய்ச்சல் புல்லும் அந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உரமாக எடுத்துக்கொள்கின்றன. எவ்வளவு நீர் எந்த வயலுக்கு, மண் எவ்வளவு ஏற்கும், நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறுகிறதா என்பதையெல்லாம் அளந்து கணக்கு வைக்கிறார்கள். புல் அறுக்கப்பட்டு மாடுகளுக்குப் போகிறது.